ஒற்றைக் கோட்டில் ஒரு மனிதர்: அபே கிரெகுவாரின் வெண்கலப் பதக்கம் குறித்து

1789இல் பிரெஞ்சுப் புரட்சிக்குள் நுழைந்தபோது கத்தோலிக்கப் பாதிரியார் அபே ஆன்றி கிரெகுவாருக்கு வயது முப்பத்தெட்டு. சிற்பி தாவீத் தான்ழே அவருடைய பக்கமுகத்தை வெண்கலப் பதக்கமாக வார்த்தது 1820களின் இறுதியில். அப்போது அவர் எழுபதை எப்போதோ தாண்டியிருந்தார். இந்த நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு குடியரசு வந்து போயிற்று. ஒரு பேரரசு எழுந்து விழுந்தது. துரத்தப்பட்ட அரச குடும்பம் இரண்டு முறை திரும்பி வந்து அரியணை ஏறியது. ஆயினும் அந்தப் பதக்கத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் "புரட்சிக்கால அரசியல்வாதியின் முகம்" என்றே அதைக் கொள்கிறார்கள். புரட்சி முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின் வார்க்கப்பட்ட முகம் புரட்சிக்கு எப்படிச் சாட்சியாகும்? அது வேறெதற்காவது சாட்சியா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இவ்வளவுதான்.

சிற்பியின் பெயரைப் பற்றி முதலில் ஒரு தெளிவு. பியேர்-ழான் தாவீத் 1788இல் ஆன்ழே நகரில் பிறந்தவர். மராவின் மரணத்தை வரைந்த ஓவியர் ழாக்-லூயி தாவீத்தோடு குழம்பாமலிருக்க, ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் உறவில்லை, ஆனால் இளம் சிற்பி அந்த ஓவியரின் பட்டறையிலும் பயின்றவர். கிரெகுவாரை இந்த இரண்டு தாவீத்துகளுமே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த ஒப்பீட்டைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

பதக்கம் என்ற பொருள்

தமிழில் பதக்கம் என்றால் மாலையில் கோத்து மார்பில் தொங்கும் அணி. பிற்பாடு பந்தயத்தில் வென்றவர் கழுத்தில் விழுவதும் பதக்கமாயிற்று. தாவீத் தான்ழே செய்தவை இவ்விரண்டிலும் சேராதவை. அவை சுவரில் மாட்டவோ கையில் ஏந்திப் பார்க்கவோ ஏற்ற வட்டப் புடைப்புச் சிற்பங்கள்; பெரும்பாலும் ஒரு சாணுக்கு உட்பட்ட குறுக்களவு, ஒரு பக்கம் மட்டுமே உருவம். நாணயச்சாலையில் அச்சுக்கிடையில் அடித்து எடுக்கும் மெடலுக்கு இரண்டு பக்கம் உண்டு: முன்னே முகம், பின்னே அந்த முகத்துக்குப் பொருள் சொல்லும் சின்னமோ வாசகமோ. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பிசானெல்லோ வார்த்த மெடல்களுக்கும் பின்பக்கம் இருந்தது. தாவீத் தான்ழே அதை விட்டுவிட்டார். விளக்கவுரையை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்தார் என்று சொல்லலாம்.

செய்முறை எளியது. கற்பலகை மேல் மெழுகை அப்பி, எதிரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தபடியே உருவம் பிடிப்பார். ஆன்ழே வட்டாரம் கற்பலகைக்குப் பேர்போனது. சொந்த ஊர்க் கல்லே அவருக்கு எழுதுபலகையாயிற்று. பிறகு சாந்து அச்சு, அதிலிருந்து மணல் வார்ப்பு. முகத்துக்கு அருகே அமர்ந்தவரின் பெயர் பெரும்பாலும் அச்செழுத்தில் இராது. பேனாவால் எழுதியதுபோல் சாய்ந்து ஓடும். சில பதக்கங்களில் அது அந்த நபரின் கையொப்பத்தையே ஒத்திருக்கும். இவ்வகையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட முகங்களை அவர் செய்தார்: கவிஞர்கள், மருத்துவர்கள், அறிவியலாளர்கள், இசைக் கலைஞர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள். பெரும்பாலானவற்றுக்குக் கூலி வாங்கவில்லை என்பது இங்கே முக்கியம். கூலிக்குச் செய்தால் யாருடைய முகம் என்பதைப் பணம் கொடுப்பவர் முடிவு செய்வார். இங்கே தேர்ந்தவர் சிற்பி. ஆகவே கிரெகுவாரின் பதக்கத்தை அவருடைய அரசியல் தீர்மானமாகப் படிக்க நமக்கு உரிமை உண்டு.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வட்டத்துக்குள் பக்கமுகம் என்பது ரோமானியப் பேரரசர் காலந்தொட்டு நாணயத்தின் வடிவம், அதாவது ஆள்பவனின் வடிவம். 1791இல் பதினாறாம் லூயி தப்பியோடியபோது, காகிதப் பணத்தில் அச்சிட்டிருந்த முகத்தை வைத்தே ஓர் அஞ்சல்நிலைய அதிகாரி அவரை அடையாளம் கண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கதை சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் பக்கமுகம் அரசனுக்கு உரியது என்று மக்கள் பழகியிருந்ததை அது காட்டுகிறது. 1792 செப்டம்பர் 21 அன்று புரட்சி அவையான கன்வென்ஷனில் முடியாட்சியை ஒழிக்க வாதாடி, அரசர்களைக் கொடும்பிறவிகளோடு ஒப்பிட்டுப் பேசியவர் கிரெகுவார். அவரையே சிற்பி அரசனின் வட்டத்துக்குள் உட்காரவைத்தார்.

இரண்டு தாவீத்துகளின் கிரெகுவார்

1789இல் மக்கள் பிரதிநிதிகள் ஒரு பந்து விளையாட்டுக் கூடத்தில் எடுத்த சபதத்தைக் காட்டும் "பந்துக் கூடச் சபதம்" என்ற வரைபடத்தை ஓவியர் தாவீத் 1791இல் காட்சிக்கு வைத்தார். அதில் முன்வரிசையின் நடுவே மூவர் தழுவிக்கொள்கிறார்கள். ஒருவர் கார்த்தூசியத் துறவி தோம் ழெர்ல், மற்றொருவர் புராட்டஸ்டண்ட் போதகர் ரபோ சேன்-எத்தியென், இருவரையும் இணைப்பவர்போல் கிரெகுவார். துறவி ழெர்ல் அன்று அந்தக் கூடத்தில் இருக்கவே இல்லை. சமய ஒற்றுமை என்ற கருத்துக்கு ஆள் தேவைப்பட்டதால் ஓவியர் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கிரெகுவார் பிறரோடு இருக்கிறார். அவருடைய பொருள் அவர் யாரைத் தொடுகிறார் என்பதில் இருக்கிறது. உடை தெரிகிறது, கைகள் தெரிகின்றன, சுற்றிலும் கூச்சல் கேட்கிறது.

பதக்கத்தில் இவை எதற்கும் இடமில்லை. தன் குறிப்பேடுகளில் தாவீத் தான்ழே இதற்கு ஒரு கோட்பாடே எழுதி வைத்திருக்கிறார். நேர்முகம் நம்மைப் பார்க்கிறது; பக்கமுகமோ நம்மைக் காண்பதே இல்லை, வேறு உயிர்களோடு உறவில் இருக்கிறது, நம்மை விட்டு விலகிப் போகிறது என்பது அவர் வாதம். நேர்முகத்தில் பல இயல்புகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் அதைப் பிரித்தறிவது கடினம். பக்கமுகத்தில் இருப்பது ஒருமை என்றும் சொல்கிறார்.

இந்த "ஒருமை" என்ற சொல்லில்தான் என் ஐயம் தொடங்குகிறது. ஒருமைக்கு அடங்காத மனிதர் ஒருவரைத் தேடச் சொன்னால் நான் கிரெகுவாரைத்தான் காட்டுவேன். 1793 நவம்பரில் பாரிஸ் ஆயர் கோபெல் கன்வென்ஷன் முன் வந்து தன் பதவியைத் துறந்தபோது, தானும் ஆயராக இருந்த கிரெகுவார் துறக்க மறுத்து ஆயர் உடையிலேயே அவைக்கு வந்துகொண்டிருந்தார். ஆனால் புரட்சி அரசுக்கு உறுதிமொழி எடுத்தவர் என்பதால் அதே திருச்சபை அவரைக் கடைசிவரை துரோகியாகவே பார்த்தது. அரச சின்னங்களை அழிக்க வேண்டும் என்று முழங்கியவர், 1794இல் நூல்களும் சிற்பங்களும் நொறுக்கப்படுவதை எதிர்த்து அறிக்கைகள் எழுதி, "வாண்டலிசம்" என்ற சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்தார். யூதர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று 1780களிலேயே மெட்ஸ் கல்விக்கழகப் போட்டிக்குக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றவர்; அக்கட்டுரையின் தலைப்பிலேயே யூதர்களைப் "புத்துயிர்ப்பிப்பது" என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. இருப்பதுபோலவே இருக்க விடாமல் திருத்தி எடுக்கும் அந்தச் சொல்லை அண்மைக்கால ஆய்வாளர்கள், குறிப்பாக 2005இல் வெளிவந்த தம் நூலில் அலிசா செபின்வால், கடுமையாக விசாரித்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னும் உறைக்கக்கூடிய முரண் மொழி தொடர்பானது. 1794 ஜூனில் வட்டார மொழிகளை அடியோடு ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்ற அறிக்கையைக் கன்வென்ஷனில் வைத்தவர் இவர்தான். அறுபது லட்சம் பேருக்காவது பிரெஞ்சு அறவே தெரியாது, அதே அளவினருக்கு அதில் தொடர்ந்து உரையாட வராது, அதைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அதே ஆண்டு பிப்ரவரியில் கன்வென்ஷன் அடிமை முறையை ஒழித்தது. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவரும் இவர்தான். கறுப்பின மக்களின் அறிவாற்றலுக்குச் சான்று திரட்டி 1808இல் தனி நூலே எழுதினார். மனிதர் அனைவரும் சமம் என்ற அதே நம்பிக்கைதான் எல்லாரும் ஒரே மொழி பேச வேண்டும் என்றும் அவரைச் சொல்லவைத்தது. இதை முரண் என்பதா, ஒரே தர்க்கத்தின் இரு முனைகள் என்பதா? நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். எப்படிக் கொண்டாலும், நெற்றியிலிருந்து மோவாய் வரை இறங்கும் ஒரு கோட்டுக்குள் இது அடங்காது.

"அரசனைக் கொன்றவர்"

அப்படியென்றால் அந்த ஒற்றைக் கோடு ஏன் தேவைப்பட்டது? விடை பதக்கம் வார்க்கப்பட்ட காலத்தில் இருக்கிறது.

திரும்பி வந்த முடியாட்சியில் கிரெகுவாருக்கு ஒரே ஒரு பெயர்தான்: அரசனைக் கொன்றவர். சான்றுகளைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேரானதன்று. 1792 நவம்பரில் லூயியை விசாரிக்க வேண்டும் என்று வாதிட்ட அதே உரையில், மரண தண்டனையே காட்டுமிராண்டித்தனம், அதை ஒழிக்க வேண்டும், அந்த ஒழிப்பின் முதல் பயனாளி லூயியாக இருக்கட்டும் என்றும் பேசினார். 1793 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தபோது அவர் பாரிஸிலேயே இல்லை. புதிதாக இணைக்கப்பட்ட சவோய் பகுதியில் மூன்று சகாக்களோடு அரசுப் பணியில் இருந்தார். அங்கிருந்து நால்வரும் கையொப்பமிட்டு அனுப்பிய கடிதம், மக்களிடம் மேல்முறையீடு இன்றி லூயியைக் குற்றவாளியாகத் தீர்ப்பதை ஆதரித்தது. "மரணத்துக்கு" என்ற சொல் அதில் இல்லை. முதல் வரைவில் அது இருந்ததென்றும், தான் வற்புறுத்தியதால் நீக்கப்பட்டதென்றும் கிரெகுவார் பிற்காலத்தில் சொன்னார்.

எதிரிகளின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு அன்றைய சூழலில் எங்கே கொண்டுபோய் விடும் என்பது கடிதம் எழுதிய நால்வருக்கும் தெரியாதா என்ன? மறுபுறம், சொல்லை நீக்கியது தானே என்பதற்கு அவர் வார்த்தையையே நம்ப வேண்டியிருக்கிறது என்றாலும், சொல் இல்லாத கடிதம் கையில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முந்தைய உரையும் அதோடு பொருந்துகிறது. வாக்களித்துக் கொன்றவர் அல்லர் என்பது உறுதி. கொலையைத் தடுக்கத் தன் முழு வலிமையையும் காட்டினார் என்றும் சொல்வதற்கில்லை.

1819இல் இந்த நுணுக்கம் எதுவும் எடுபடவில்லை. ஈசேர் மாவட்ட வாக்காளர்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மிதவாத அமைச்சரவையைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டும் என்ற கணக்கில் தீவிர அரச விசுவாசிகள் சிலரே அவருக்கு வாக்களித்த கூத்தும் அதில் உண்டு. டிசம்பரில் சபை கூடி அவரைச் சேர்க்க மறுத்தது. தேர்தல் விதிமீறலா, ஆளின் தகுதியின்மையா என்று காரணத்தைத் தெளிவாகச் சொல்லாமலே வெளியேற்றம் நிறைவேறியது. அதற்கு முன்னரே, 1816இல், உருவாகத் தான் உழைத்த அறிஞர் அவையான இன்ஸ்தித்யூவிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

இந்தப் பின்னணியில் வைத்தால் வெண்கல வட்டம் வேறாகத் தெரிகிறது. தாவீத் தான்ழே 1826இல் அதே இன்ஸ்தித்யூவில் உறுப்பினரானார். எந்த அவை கிரெகுவாரை அழித்ததோ அந்த அவையின் சிற்பி அவர் முகத்தை நிலைக்கும் உலோகத்தில் ஏற்றினார். புரட்சிக்காரர் ஒருவருக்கு அன்றைய பாரிஸில் சதுக்கத்தில் சிலை வைப்பது நடவாத காரியம். பதக்கத்துக்கு அனுமதி தேவையில்லை. அதை மேசை இழுப்பறையில் வைக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், எல்லை தாண்டி எடுத்துப்போகலாம். எதிரிகள் அவரை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கினார்கள்; சிற்பி அதற்கு ஒற்றைக் கோட்டால் மறுமொழி சொன்னார். இரண்டும் சுருக்கம்தான். ஒன்று வசை, மற்றொன்று வாழ்த்து.

நெற்றியை எவ்வளவு நம்பலாம்?

இந்தப் பதக்கங்களைப் பற்றி இரண்டு பார்வைகள் உண்டு. 1878இல் விரிவான வரலாறு எழுதிய ஆன்றி ழுவேன் காலத்திலிருந்து வரும் பார்வை, இவற்றை நேரில் பார்த்துப் பிடித்த மெய்யுருவங்களாக, ஒரு நூற்றாண்டின் முகப்பதிவேடாகக் காண்கிறது. மற்றது ழாக் த காஸோ 1988இல் வெளியிட்ட நூலின் போக்கு. "நினைவின் எதிர்காலம்" என்பது அதன் துணைத்தலைப்பு. வரப்போகும் தலைமுறைக்குச் சிற்பி அனுப்பும் செய்திகளாக இவற்றை அது படிக்கிறது.

முதல் பார்வைக்குத் தடையாக நிற்பது மண்டையோட்டியல். மண்டையின் மேடு பள்ளங்களில் மனிதரின் ஆற்றல்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்ற மருத்துவர் ஃபிரான்ஸ் கால் என்பவரின் போதனையிலும், முகக்கூறுகளிலிருந்து குணத்தைப் படிக்கலாம் என்ற லவாதெரின் போதனையிலும் தாவீத் தான்ழே ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். 1829இல் வைமாருக்குச் சென்று கெத்தேயை உருவம் பிடித்தார். அதிலிருந்து பிறந்த மாபெரும் மார்பளவுச் சிலையில் நெற்றி கோபுரம்போல் எழுந்து நிற்கிறது. அறிவாளிக்கு நெற்றி உயர்ந்திருக்க வேண்டும் என்ற கொள்கை கண்ணுக்கு முன்பே கையை நடத்தியிருக்கிறது. கெத்தேயிடம் செய்ததைக் கிரெகுவாரிடம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே பதக்கத்தின் நெற்றியை அளந்து கிரெகுவாரின் மண்டையைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் மூக்கின் வளைவும் தளர்ந்த கன்னமும் தாடைக்குக் கீழ்த் தொங்கும் சதையும் காலின் கொள்கைக்கு வேண்டாதவை. கொள்கைக்கு உதவாத கூறுகள் உருவத்தில் தங்கியிருந்தால் அவற்றைச் சற்று நம்பலாம். நீதிமன்றத்தில் சாட்சி தனக்குப் பயன்படாத ஒன்றைச் சொல்லும்போது நீதிபதி நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

எதிரில் ஆள் அமராத பதக்கங்களும் உண்டு. 1848இல், மீண்டும் குடியரசு மலர்ந்து, சிற்பியே அரசியல் நிர்ணய அவையில் உறுப்பினராக அமர்ந்த ஆண்டில், அவர் புரட்சித் தலைவர் சேன்-ழுஸ்த்தின் பதக்கத்தைச் செய்தார். சேன்-ழுஸ்த் இருபத்தாறு வயதில் கில்லட்டினுக்குப் போய் அப்போது ஐம்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய ஓவியங்களிலிருந்து எடுத்த முகம் அது, இளமை மாறாதது. கிரெகுவாரின் பதக்கம் இதற்கு நேரெதிர். சேன்-ழுஸ்த்தில் வார்க்கப்பட்டிருப்பது புரட்சியின் நினைவு. கிரெகுவாரில் வார்க்கப்பட்டிருப்பது புரட்சிக்குப் பிறகும் உயிரோடு இருக்க நேர்ந்த உடம்பு.

எஞ்சியவர்களை நாடிப் போவதில் சிற்பிக்கு ஒரு வேகம் இருந்தது. ரொபெஸ்பியேரோடு சேர்ந்து புரட்சி அரசை நடத்திய பொதுப் பாதுகாப்புக் குழுவில் இருந்தவர்களில் கடைசிவரை உயிர்வாழ்ந்தவர் பரேர், 1841இல் இறந்தார். அவரைச் சந்தித்த தாவீத் தான்ழே, புரட்சியின் புகழ்பெற்ற மனிதர்களைப் பதக்கங்களாக்கும் தன் திட்டத்தைச் சொன்னபோது, ரொபெஸ்பியேரை மறந்துவிடாதீர்கள், அவர் நேர்மையான மனிதர், உண்மையான குடியரசுவாதி என்று படுக்கையிலிருந்து எழுந்து பரேர் சொன்னதாகச் சிற்பியின் வழி வந்த பதிவு உண்டு. ரொபெஸ்பியேரை வீழ்த்த 1794இல் கைகொடுத்தவர்களில் பரேரும் ஒருவர் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். பரேரின் நினைவுக் குறிப்புகளை 1842 முதல் இப்போலித் கார்னோவுடன் சேர்ந்து பதிப்பித்தவரும் தாவீத் தான்ழேதான். பொய்யர் ஒருவரின் புத்தகம் என்று மெக்காலே 1844இல் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நம் நாட்டுக்கு ஆங்கிலக் கல்விக் குறிப்பு எழுதிய அதே மெக்காலே.

பரேரிடம் சிற்பி காட்டிய இளகிய மனத்தை வைத்துப் பார்த்தால், கிரெகுவாரின் பதக்கத்திலும் விசாரணை இருக்காது என்பது விளங்கும். அவருக்கு விசாரிக்கும் நோக்கம் இல்லை. தந்தை வாந்தே உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையில் நின்றவர். மகனுக்கு அந்த முதியவர்கள் குடும்பப் பெரியவர்கள் மாதிரி. ஆகவே பதக்கத்தைப் புரட்சியின் ஆவணமாக எடுத்துக்கொள்ளும்போது ஒரு தலைமுறை பிந்திய பக்தியையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். அதை 1828ஐ ஒட்டிய ஆண்டுகளின் ஆவணமாகக் கொண்டால் சிக்கல் தீர்கிறது. தோற்ற தரப்பு தன் மூத்தோரை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

வார்ப்புக்கு மேல் வார்ப்பு

பதக்கத்தை ஆராய வருபவருக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. எந்தப் பதக்கம்? வெண்கலம் ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற அளவில். மூல அச்சிலிருந்து வார்க்காமல், ஏற்கெனவே வார்த்த பதக்கத்தையே அச்சாக வைத்து மறுவார்ப்பு எடுத்தால் அது சற்றுச் சிறியதாகவே வரும். கோடுகளின் கூர்மையும் மழுங்கும். இந்தப் பதக்கங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல தேவை இருந்ததால் மறுவார்ப்புகள் பெருகின. மூக்கின் வளைவைப் பற்றிப் பேசுமுன் அளவுகோலை எடுத்துக் குறுக்களவைப் பார்ப்பது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க ஆன்ழே நகரில் வசதி உண்டு. சிற்பி தன் படைப்புகளைச் சொந்த ஊருக்கே கொடுத்தார். 1984 முதல் அவை, கூரை இடிந்து கிடந்து பின் கண்ணாடிக் கூரை வேயப்பட்ட தூசேன் மடத்துக் கோயிலில் இருக்கின்றன.

கிரெகுவார் 1831 மே 28 அன்று இறந்தார். புரட்சி அரசுக்கு 1790களில் எடுத்த உறுதிமொழியைத் திரும்பப் பெற்றாலன்றி இறுதிச் சடங்கு கிடையாது என்றார் பாரிஸ் பேராயர் கெலென், கிரெகுவார் மறுத்தார். இளைஞர்கள் சவ வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே மோன்பர்னாஸ் கல்லறைவரை இழுத்துப் போனார்கள். புரட்சியின் இருநூறாம் ஆண்டான 1989இல் அவருடைய எச்சங்கள் தேசப் பெரியோரின் நினைவாலயமான பாந்தியோனுக்கு மாற்றப்பட்டபோது பாரிஸ் பேராயர் வரவில்லை. அந்தப் பாந்தியோனின் முகப்புச் சிற்பமும் தாவீத் தான்ழே செய்ததுதான், 1837இல் திறக்கப்பட்டது. சபையிலிருந்து 1823இல் வெளியேற்றப்பட்ட மற்றோர் உறுப்பினரான மனுவேலின் உருவத்தை அதிலிருந்து நீக்கச் சொன்ன அமைச்சர்களுக்கு அவர் இணங்கவில்லை.

குடியரசு வேரூன்றிய பின், 1885இல், லூனெவில் நகரில் கிரெகுவாருக்கு ஆளுயரத்துக்கும் மேலான வெண்கலச் சிலை எழுந்தது. யாருக்கும் அஞ்சாமல் சதுக்கத்தில் நிற்கும் காலம் வந்துவிட்டது என்று ஊரார் நினைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது உலோகத்துக்காக அதை இறக்கி உருக்கினார்கள். இப்போது அங்கே நிற்பது போருக்குப் பின் வைத்தது. இழுப்பறைகளில் கிடந்த பதக்கங்களை எடைக்குக் கேட்டு யாரும் வரவில்லை.